ரஷ்யப் பிரமிடு பில்லியர்ட்ஸ்: குறுகிய குழியின் வரலாறு

ரஷ்யப் பிரமிடு என்பது ரஷ்யாவிலும் முன்னாள் சோவியத் ஒன்றியத்தின் பிற நாடுகளிலும் ஆடப்படும் ஒரு பில்லியர்ட்ஸ் வகை. ஆட்டம் தொடங்கும்போது 15 வெள்ளைப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி வைப்பதால் இப்பெயர் வந்தது. இந்தப் பதினைந்துடன் வேறு நிறத்தில் ஒரு பந்தும் உண்டு. பெரும்பாலும் அது சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். மேசையில் இருப்பவை ஆறு குழிகள். பார்வைக்கு ஸ்னூக்கர் போலவும் பூல் போலவும் தோன்றினாலும், அவற்றில் பழகிய ஒருவர் இந்த மேசையில் முதன்முறை கோலைப் பிடித்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு பந்தைக்கூடக் குழிக்குள் போட முடியாமல் தவிப்பது இயல்பு.

காரணம் குழியின் அளவு. பிரமிடு பந்தின் விட்டம் 68 மி.மீ. மேசையின் மூலைக்குழி வாயோ ஏறத்தாழ 72 அல்லது 73 மி.மீ. மட்டுமே. நடுக்குழிகள் சுமார் 10 மி.மீ. அகலம் கூடியவை; ஆனால் அவற்றுக்குள் பந்து நுழையும் கோணம் குறுகியது. பூல் ஆட்டத்தில் பந்தின் விட்டம் 57 மி.மீ.; மூலைக்குழியின் வாய் 114 மி.மீ. அல்லது அதற்கும் மேல். அதாவது இரண்டு பந்துகள் தோளோடு தோள் நின்று உள்ளே போகலாம். பிரமிடில் ஒரே ஒரு பந்து, அதுவும் இரு பக்கமும் இரண்டரை மி.மீ. இடைவெளியோடு, ஊசியின் காதில் நூல் நுழைவதுபோல் நுழைய வேண்டும்.

இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். குழியிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஒரு பந்து நிற்கிறது. அதை நேர்க்கோட்டில் அடிக்கிறோம். மோதும் இடம் 1 மி.மீ. விலகிவிட்டது என்று கொள்வோம். மோதும்போது இரு பந்துகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு 68 மி.மீ. ஆகவே பந்து 68க்கு 1 என்ற அளவில் வழி விலகி ஓடும். ஒரு மீட்டர் ஓடி முடிக்கும்போது அந்த விலகல் ஏறக்குறைய 15 மி.மீ. ஆகிவிடும். அனுமதி இரண்டரை, விலகல் பதினைந்து. பூல் மேசையில் இதே பிழையைச் செய்தால் விலகல் 17 அல்லது 18 மி.மீ. வரும், ஆனால் அங்கே பக்கத்துக்கு 28 மி.மீ. இடம் இருப்பதால் பந்து கவலையில்லாமல் விழுந்துவிடும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் ரஷ்ய ஆட்டத்தின் விதிகள் ஏன் அப்படி அமைந்தன என்பதில் பாதி விளங்கிவிடும்.

சகலையும் அந்நியரும்

கேரம் ஆடியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் ஃபைன். ஸ்னூக்கரிலும் பூலிலும் கோலால் குத்தும் வெள்ளைப் பந்து உள்ளே போனால் தவறு. ரஷ்யப் பிரமிடு இதைத் தலைகீழாக்குகிறது. கோலால் குத்திய பந்து இன்னொரு பந்தில் மோதிவிட்டுத் தானே குழிக்குள் விழுந்தால் அதுவும் வெற்றிப் பந்துதான். தேர்ந்தவர்களின் ஆட்டத்தில் இப்படி விழும் பந்துகள் மிகுதி.

ரஷ்ய ஆட்டக்காரர்கள் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். குத்திய பந்தே விழுந்தால் அது 'ஸ்வயாக்'. மோதப்பட்ட பந்து விழுந்தால் அது 'சுஜோய்'. சுஜோய் என்றால் அந்நியன், பிறத்தியான். ஸ்வயாக் என்ற சொல் 'தன்னுடைய' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வருவது. அன்றாட ரஷ்ய மொழியில் இதே சொல்லுக்கு மனைவியின் சகோதரியை மணந்தவர் என்று பொருள். நம் மொழியில் 'சகலை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் விளக்க ஒரு தொடரே வேண்டும். ரஷ்ய மேசையில் சகலை விழுந்தார், அந்நியர் விழுந்தார் என்று பேசிக்கொள்வது தமிழ் வாசகருக்கு வேடிக்கையாகவே இருக்கும்.

குத்திய பந்தைக் குழிக்கு அனுப்புவது எப்படி எளிதாகிறது? உருண்டு வரும் பந்து இன்னொன்றில் பாதி அளவு முட்டும்படி மோதினால், அது தன் வழியிலிருந்து 30 பாகைக்குச் சற்று மேல் திரும்பும். இந்தத் திருப்பத்தின் சிறப்பு என்னவென்றால், உருளும் பந்துக்கு அதுவே ஏறத்தாழ உச்ச அளவு. உச்சத்தில் நிற்கும் எந்த அளவும் சிறு பிழைக்கு அதிகம் அசையாது. மோதும் இடம் ஒரு மி.மீ. முன்பின் ஆனாலும் குத்திய பந்து கிட்டத்தட்ட அதே திசையில்தான் போகும். அந்நியரை நேராக அனுப்பும்போது பிழை பெருகுகிறது. சகலையை அரைமோதலில் அனுப்பும்போது பிழை அடங்குகிறது. குழியைக் குறுக்கியவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் குறுகிய குழி முன்னே நின்றவர்கள் பல தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டது இதைத்தான்.

வேகமும் முக்கியம். குழியின் வாயோரத்தில் பட்ட பந்து மெதுவாக வந்திருந்தால் தயங்கி உள்ளே விழலாம்; வேகமாக வந்திருந்தால் இரு ஓரங்களிலும் முட்டி வெளியே தெறிக்கும். ஒரு பந்தின் எடை 280 கிராமுக்கு மேல். ஸ்னூக்கர் பந்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதை 12 அடி நீள மேசையில் ஓட்டக் கனமான கோலும் தோள் வலுவும் வேண்டும். ஆனால் வலுவை எங்கே அடக்குவது என்பதே பயிற்சி.

அரண்மனையிலிருந்து சத்திரத்துக்கு

பில்லியர்ட்ஸை ரஷ்யாவுக்குக் கொண்டுவந்தவர் பேரரசர் முதலாம் பீட்டர் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. 1697-98இல் அவர் நெதர்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளில் பயணம் செய்தார். கப்பல் கட்டும் தொழில் முதல் தாடி மழிப்பது வரை பலவற்றை அங்கிருந்து எடுத்துவந்தார். பில்லியர்ட்ஸும் அந்த மூட்டையில் வந்தது என்கிறார்கள். 1730 முதல் 1740 வரை ஆண்ட பேரரசி அன்னா இவானோவ்னா இந்த ஆட்டத்தில் மிகுந்த விருப்பம் உள்ளவராக இருந்தார். அரசவை எதை ஆடுகிறதோ அதைப் பிரபுக்களின் மாளிகைகள் ஆடும். மாளிகைகள் ஆடுவதைப் படை அலுவலர்கள் ஆடுவார்கள். அலுவலர்கள் தங்கும் சத்திரங்களுக்கும் உணவகங்களுக்கும் மேசை வந்து சேரும். 19ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது அது சத்திரம்வரை வந்துவிட்டது.

சத்திரத்தில் மேசையைப் பார்த்துக்கொள்ளவும், புள்ளி எண்ணவும், ஆள் கிடைக்காத விருந்தினருடன் ஆடவும் ஒரு வேலையாள் இருப்பார். அவருக்கு 'மார்க்கர்' என்று பெயர். ரஷ்யப் பில்லியர்ட்ஸின் வரலாற்றில் அரசர்களைவிட இந்த மார்க்கர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார். நாள் முழுதும் மேசையருகே நின்றவர் அவர். மிக நன்றாக ஆடத் தெரிந்தவரும் பெரும்பாலும் அவரே. ஆனால் ஆட்டத்தின் மதிப்பில் அவருக்குப் பங்கில்லை.

புஷ்கின் 1836இல் வெளியிட்ட 'கேப்டன் மகள்' நாவலின் முதல் அத்தியாயத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. சிம்பீர்ஸ்க் நகரின் சத்திரத்தில் சூரின் என்ற குதிரைப்படை அலுவலர் மார்க்கருடன் ஆடிக்கொண்டிருக்கிறார். மார்க்கர் வென்றால் ஒரு கிண்ணம் வோட்கா. தோற்றால் மேசைக்கு அடியில் நான்கு காலில் தவழ்ந்து போக வேண்டும். நேரம் ஆக ஆகத் தவழ்வது கூடிக்கொண்டே போய், கடைசியில் மார்க்கர் மேசைக்கு அடியிலேயே கிடக்கிறார். பிறகு சூரின், அனுபவமில்லாத இளைஞன் கிரின்யோவை ஆட்டத்துக்கு இழுக்கிறார். படைவீரனுக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கற்றுக்கொடுக்கிறார், குடிக்கப் பழக்குகிறார், முடிவில் கிரின்யோவ் 100 ரூபிள் கடனாளியாகிறான். ஒரே காட்சியில் அந்தக் கால பில்லியர்ட்ஸ் அறை முழுதும் வந்துவிடுகிறது: சூது, மது, அலுவலரின் திமிர், வேலையாளின் முதுகு.

டால்ஸ்டாய் இன்னும் ஒரு படி மேலே போனார். 1853இல் காகசஸில் படைப்பணியில் இருந்தபோது சில நாள்களில் எழுதி, 1855இல் 'சவ்ரிமெனிக்' இதழில் வெளிவந்த 'ஒரு மார்க்கரின் குறிப்புகள்' கதையில், அந்த வேலையாளையே கதை சொல்ல வைத்தார். நெக்லூதவ் என்ற செல்வந்த இளைஞன் பில்லியர்ட்ஸ் அறைக்கு வரத் தொடங்கிப் படிப்படியாகப் பணத்தையும் மானத்தையும் இழந்து, இறுதியில் தன்னையே சுட்டுக்கொள்கிறான். மார்க்கர் அதைக் கண்ணால் கண்ட கணக்காகச் சொல்கிறார். அறிவுரை எதுவும் சொல்வதில்லை. எழுதியவருக்கும் இந்த ஆட்டங்கள் வெறும் கேள்வி ஞானமல்ல. 1862இல் சீன பில்லியர்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட வேறொரு வகை ஆட்டத்தில் அவர் 1000 ரூபிள் தோற்றார். கடனை அடைக்க, இன்னும் முடிக்காத 'கசாக்குகள்' நாவலுக்குப் பதிப்பாளர் கத்கோவிடம் முன்பணம் வாங்கினார். அந்த நாவல் 1863இல் வெளிவந்தது. ஒரு தோல்வி உலக இலக்கியத்தில் ஒரு நூலின் அச்சேற்றத்தை விரைவுபடுத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

குழி குறுகியது ஏன்?

சூதாட்டத்தோடு பிணைந்திருந்த ஓர் ஆட்டம் கைத்திறன் ஆட்டமாக மாறியதற்கு மேசையின் மாற்றம் ஒரு காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பீட்டர்ஸ்பர்க்கில் ஃபிரைபெர்க் தொழிற்சாலை போன்ற இடங்களில் ரஷ்யாவுக்கென்றே பெரிய மேசைகள் செய்யப்பட்டன. 12 அடி நீளம், 6 அடி அகலம். துணிக்கு அடியில் பலகைக்கல். கல்லின் எடை மட்டுமே ஒரு டன்னை நெருங்கும் என்பதால் இத்தகைய மேசையை வைத்த இடத்திலிருந்து நகர்த்துவது அரிது. விளிம்புகள் விறைப்பாகவும், குழிகளின் வாய் பந்து மட்டும் நுழையும் அளவுக்கும் அமைந்தன. பந்துகள் அப்போது யானைத் தந்தத்தில் கடையப்பட்டவை. 68 மி.மீ. பந்து ஒன்றுக்கு எவ்வளவு தடித்த தந்தம் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு முழுத் தொகுதியின் 16 பந்துகளுக்குப் பின்னால் எத்தனை யானைகள் நின்றன என்பது மனத்தை உறுத்தும். இன்று அவை செயற்கைப் பிசினில் செய்யப்படுகின்றன.

குழி அகலமாக இருந்தால் நற்பேறும் விளையாடும். தெரியாதவன் அடித்த பந்தும் நாலில் ஒன்று விழும். குழி குறுகினால் அந்தப் பங்கு சுருங்குகிறது. முழுதும் போய்விடுவதில்லை. எண்ணாமல் குருட்டாம்போக்கில் விழும் பந்தை ரஷ்யர்கள் 'துராக்', அதாவது 'முட்டாள்' என்கிறார்கள். 1880களில் அனத்தோலி லேமன் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தின் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். இவர் எழுத்தாளர், வயலின் செய்யும் கைவினைஞரும்கூட. அடியின் வகைகள், கோணங்கள், மோதல்கள் ஆகியவற்றை ஒழுங்காக எழுதி வைத்து, சத்திரத்தின் வாய்வழி வித்தையைப் படித்துக் கற்கக்கூடிய பாடமாக்கியவர்களில் அவர் முன்னோடி.

அக்காலத்தில் பரவலாக ஆடப்பட்டது இன்று செம்மைப் பிரமிடு என்று சொல்லப்படும் வகை. பந்துகளில் 1 முதல் 15 வரை எண்கள் இருக்கும். விழும் பந்தின் எண்ணே புள்ளி. எந்தப் பந்து, எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்லித்தான் அடிக்க வேண்டும். ஆகவே முட்டாளுக்கு இங்கே இடமில்லை. 1 முதல் 15 வரை கூட்டினால் 120. ஆனால் எண் 1 உள்ள பந்து சீட்டாட்டத்து ஏஸ் போல 11 புள்ளி பெறும். மேசையில் கடைசியாக எஞ்சும் பந்துக்கு 10 புள்ளி கூடுதல். ஆக மொத்தம் 140. அதில் பாதியைத் தாண்டி முதலில் 71 புள்ளி எடுப்பவர் வென்றவர். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டாகக் கொடுக்கத் தக்க விதி இது.

இதே 15 பந்து முக்கோணம் இங்கிலாந்திலும் இருந்தது. அங்கே 'பிரமிட்ஸ்' என்ற ஆட்டத்தில் 15 சிவப்புப் பந்துகளையும் ஒரு வெள்ளைப் பந்தையும் வைத்து ஆடினார்கள். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படை அலுவலர்கள் அதனுடன் வண்ணப் பந்துகளைச் சேர்த்தார்கள். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் அந்தப் புது ஆட்டம் ஸ்னூக்கர் ஆனது; 1880களில் அதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட இடம் நம் உதகமண்டலத்திலுள்ள ஊட்டி கிளப். ஆக, ஒரே முக்கோண ஆட்டம் நீலகிரியில் வண்ணம் பூசிக்கொண்டது; ரஷ்யாவில் வெண்மையிலேயே நின்று குழியை இறுக்கிக்கொண்டது.

இன்றைய விதிகள்

20ஆம் நூற்றாண்டில் எண்களைக் கூட்டும் முறை பின்னுக்குப் போய், பந்துகளின் எண்ணிக்கையே போதும் என்ற முறை வலுத்தது. இன்று போட்டிகளில் முதன்மையாக ஆடப்படுவது மூன்று வகை. மூன்றிலும் 15 பந்துகளில் பாதிக்கு மேல், அதாவது 8 பந்துகளை, முதலில் போடுபவர் அந்தச் சுற்றை வெல்கிறார்.

சுதந்திரப் பிரமிடு, அல்லது 'அமெரிக்கான்கா', பார்ப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது. முதல் அடி நிறப்பந்தால். அதன்பின் மேசையிலுள்ள எந்தப் பந்தைக் கோலால் குத்தியும் வேறு எந்தப் பந்தை மோதியும் ஆடலாம். சகலையும் எண்ணிக்கையில் சேரும், அந்நியரும் சேருவார். எல்லாப் பந்தும் வெள்ளையாக இருப்பதன் பொருள் இங்கேதான் தெரிகிறது: எந்தப் பந்துக்கும் தனி உரிமை இல்லை. ஒவ்வொரு அடிக்கு முன்னும் எதை எதனால் அடிப்பது என்ற தெரிவு ஸ்னூக்கரைவிடப் பல மடங்கு. நல்ல ஆட்டக்காரர் மேசையை இரண்டு முறை சுற்றி வருவது நேரம் கடத்த அல்ல.

கூட்டுப் பிரமிடில் நிறப்பந்தை மட்டுமே குத்தலாம். அந்நியர் விழுந்தால் நிறப்பந்து நின்ற இடத்திலிருந்தே ஆட்டம் தொடரும். நிறப்பந்தே சகலையாக விழுந்தால், ஆடியவர் மேசையிலிருந்து தாம் விரும்பும் ஒரு வெள்ளைப் பந்தை எடுத்துத் தம் தட்டில் வைத்துக்கொள்வார்; நிறப்பந்தை 'வீடு' எனப்படும் எல்லைக்குள் கையால் வைத்து மீண்டும் ஆடுவார். எந்தப் பந்தை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். அடுத்த அடிக்குத் தடையாக நிற்பதை எடுக்கலாம். எதிராளிக்கு எளிதாக விழக்கூடியதையும் எடுக்கலாம். மூன்றாவது, இயக்கப் பிரமிடு, இதைப் போன்றதே. ஆனால் நிறப்பந்தை வீட்டுக்குள் மட்டுமல்லாமல் மேசையில் வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்பதால் ஆட்டம் வேகமாக ஓடும்.

விதி மீறினால் ஒரு பந்து தண்டம். நிறப்பந்து யாரையும் மோதாமல் போவது, பந்து மேசையை விட்டுக் குதிப்பது, உடையோ கையோ பந்தில் படுவது ஆகியவை தவறுகள். எட்டே பந்தில் முடியும் சுற்றில் ஒரு பந்து தண்டம் என்பது பெரிய விலை. அதனால் தேர்ந்தவர்கள் வாய்ப்புச் சரியில்லாதபோது போட முயல்வதில்லை. பந்துகளை எதிராளிக்கு வழி கிடைக்காதபடி நிறுத்திவிட்டு நாற்காலிக்குத் திரும்புகிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அந்த நிமிடங்கள் சலிப்பூட்டும். ஆட்டம் உண்மையில் முடிவாவது பெரும்பாலும் அப்போதுதான்.

பூங்காவிலிருந்து அரங்குக்கு

1917 புரட்சி சத்திரங்களின் சூதை ஒழிக்க முயன்றது, மேசைகளை ஒழிக்கவில்லை. கவிஞர் மாயகோவ்ஸ்கி தீராத பில்லியர்ட்ஸ் பிரியர். அரசியலிலும் இலக்கியத்திலும் அவருக்கு எதிர்முனையில் நின்ற புல்காகோவுடன்கூடக் கோல் பிடித்து ஆடியிருக்கிறார். மேடையில் ஒருவரையொருவர் ஏற்காத இருவர் மேசையருகே அமைதியாகச் சேர்ந்து நின்றது ஆட்டத்துக்குக் கிடைத்த சான்றிதழ். சோவியத் காலத்தில் பூங்காக்கள், தொழிலாளர் ஓய்வில்லங்கள், படை அலுவலர் மன்றங்கள் எனப் பல இடங்களிலும் மேசைகள் இருந்தன. சோச்சியில் ஸ்டாலின் தங்கிய மாளிகையின் பில்லியர்ட்ஸ் அறையைச் சுற்றுலாப் பயணிகள் இன்றும் பார்க்கிறார்கள்.

இருந்தும் பழைய களங்கம் போகவில்லை. கூடங்களின் ஓரத்தில் பந்தயப் பணம் கைமாறுவது நிற்கவில்லை. வல்லவர்கள் தம் திறனை மறைத்து, புதியவருக்கு முன்னதாகவே சில பந்துகள் விட்டுக்கொடுத்து ஆசை காட்டுவதும் நிற்கவில்லை. 1979இல் வெளிவந்து சோவியத் நாடே கூடிப் பார்த்த 'சந்திப்பிடம் மாற்ற முடியாது' என்ற தொலைக்காட்சித் தொடரில் துப்பறிவாளர் ழெக்லோவாக விளாதிமிர் விசோத்ஸ்கி நடித்தார். அவர் தேடிப்போகும் குற்றவாளிகளில் ஒருவன் பில்லியர்ட்ஸ் கூடத்தில் பணத்துக்கு ஆடிக்கொண்டிருப்பான். பார்த்தவர்களுக்கு அது விளக்கம் தேவைப்படாத காட்சி. திறமையான ஆட்டக்காரர் என்றால் சந்தேகத்துக்குரியவர் என்ற எண்ணம் அவ்வளவு ஊறியிருந்தது.

ஒன்றியம் கலைந்த பிறகுதான் நிலை மாறியது. கூட்டமைப்புகள் உருவாயின, வகைக்கு வகை வேறுபட்டிருந்த விதிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலகச் சாம்பியன் போட்டிகள் நடந்து வருகின்றன. ரஷ்யாவின் யெவ்கேனி ஸ்தாலெவ், கிர்கிஸ்தானின் கனிபெக் சகின்பாயெவ் ஆகியோர் பட்டம் வென்றவர்களில் பெரிதும் அறியப்பட்டவர்கள். மகளிரில் தியானா மிரோனவா. உக்ரைன், பெலாரஸ், கசாக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான், மால்டோவா ஆகிய நாடுகளிலும் வலுவான ஆட்டக்காரர்கள் உண்டு. ரஷ்யா என்ற பெயர் ஒட்டியிருந்தாலும் ஆட்டம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இல்லை. மேற்கு நாடுகளில் பரவாததற்குக் காரணம் எளியது: இதற்கென்றே தனி மேசை வேண்டும், பூல் மேசையில் இதை ஆட முடியாது.

போட்டி அரங்குகளில் இப்போது மார்க்கர் இல்லை. அவர் இடத்தில் நடுவர் நிற்கிறார். சகலை விழுந்ததும் ஆட்டக்காரர் கோல் முனையால் ஒரு பந்தைச் சுட்டுகிறார். நடுவர் அதை எடுத்து அவருடைய தட்டில் வரிசையாக வைக்கிறார். மேசைக்கு அடியில் யாரும் தவழ்வதில்லை.